சுவிஸின் மூன்று நிலமும் இருபத்தாறு கன்டோனும்

கோடை லீவுக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எங்கட வீடுகளுக்கு வருகிற சொந்தக்காரர் பெரும்பாலும் ஒரே சுற்றுத்தான் சுற்றுவார்கள். ரைன் நீர்வீழ்ச்சி, லுசேர்ன் மரப்பாலம், ஏதாவது ஒரு பனிமலை. நாலு நாளில் எல்லாம் முடிந்துவிடும். "சுவிஸ் சின்ன நாடுதானே, பாத்து முடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுவார்கள்.

சின்ன நாடு என்பது உண்மைதான். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். சுவிஸ் 41,285 மட்டுமே. ஆனால் இந்தச் சின்ன இடத்துக்குள் 26 கன்டோன்கள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கெமைண்டகள், நாலு தேசிய மொழிகள், மூன்று வகை நிலம். கன்டோன் என்பதை மாநிலம் என்றும், கெமைண்ட என்பதை ஊர்ச்சபை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கட நாட்டு மாவட்டம் மாதிரிக் கொழும்பிலிருந்து ஆட்டுவிக்கிற அலகு இல்லை கன்டோன். ஒவ்வொன்றுக்கும் சொந்த அரசியலமைப்பு, பாராளுமன்றம், நீதிமன்றம், பொலிஸ், வரி, பள்ளிக்கூட முறை எல்லாம் உண்டு. நாடு முழுவதற்கும் மத்திய சட்டமே விதித்த பொது விடுமுறை ஓகஸ்ட் 1 ஒன்றுதான். மற்ற லீவுகளை எல்லாம் கன்டோன் கன்டோனாகத்தான் கேட்டறிய வேண்டும்.

இந்த நாட்டில் முப்பத்தைந்து வருசமாக இருக்கிறேன். இதன் வேடிக்கை என்று நான் நினைப்பது மலையும் ஏரியும் அல்ல. நிலம் போட்ட கோடு ஒன்று, மொழி போட்ட கோடு இன்னொன்று, சட்டம் போட்ட கோடு வேறொன்று. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவதே இல்லை. அதைப் பார்க்க ஒரு ரயில் ரிக்கெற் போதும். அடுத்த முறை வரும்போது கீழே சொல்கிற மூன்று பயணங்களையும் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள்.

மூன்று நிலம்

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். வடமேற்கில் பிரான்ஸ் எல்லையோடு வில் மாதிரி வளைந்து கிடப்பது யூரா மலை. சுண்ணாம்புக்கல் மலை, உயரம் குறைவு. நாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. டைனோசர் படங்களில் வருகிற 'ஜுராசிக்' என்ற பெயர் இந்த மலையிலிருந்துதான் போனது என்று சொன்னால் பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள்.

நடுவில் ஜெனீவா ஏரியிலிருந்து போடன்சே ஏரி வரை நீள்வது மிற்றல்லாண்ட் என்கிற மேட்டுநிலம். பரப்பில் பத்தில் மூன்று பங்குதான். ஆனால் சனத்தில் மூன்றில் இரண்டு பங்கு இங்கேதான். சூரிச், பேர்ண், லவுசான், ஜெனீவா எல்லாம் இதற்குள் அடங்கும். எங்கட சனத்தில் பெரும்பகுதியும் இதற்குள்தான். மிச்சம் பத்தில் ஆறு பங்கு அல்ப்ஸ். 4,634 மீற்றர் உயர டுஃபூர் சிகரமும் அங்கே, கடல்மட்டத்திலிருந்து 193 மீற்றரில் கிடக்கிற மஜோரே ஏரிக்கரையும் அங்கே.

நான் இருக்கிற பேர்ண் கன்டோன் மூன்று நிலத்திலும் கால் வைத்திருக்கிறது. யூராவில் தொடங்கி மேட்டுநிலத்தைக் கடந்து யுங்ஃப்ராவ் பனிமலை வரை போகிறது. அதற்குள் ஜெர்மனும் பேசுகிறார்கள், பிரெஞ்சும் பேசுகிறார்கள்.

எங்களைப் பிரித்த கோடு

இந்தக் கோடுகளைப் படிக்க எங்களுக்குப் புவியியல் பாடம் தேவைப்படவில்லை. 1990 கடைசியில் நான் பாசல் அகதி நிலையத்தில் பதிந்தேன். ஆறு மாதம் கழித்து அண்ணை வந்தார். அகதி விண்ணப்பம் போட்டவர்களைச் சனத்தொகை வீதப்படி கன்டோன்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் முறை. சூரிச்சுக்கு இத்தனை வீதம், பேர்ணுக்கு இத்தனை வீதம் என்று ஒரு கணக்கு. கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகளை ஒன்றாக வைப்பார்கள். வளர்ந்த அண்ணன் தம்பி அந்தக் கணக்கில் குடும்பம் ஆகாது. எனக்குப் பேர்ண் விழுந்தது. அண்ணைக்கு வோ கன்டோன், அதாவது லவுசான் பக்கம்.

இரண்டு ஊருக்கும் இடையில் நூறு கிலோமீற்றர்கூட இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போகிற தூரத்தைவிடக் குறைவு. ஆனால் நான் ஜெர்மன் வகுப்புக்குப் போனேன், அண்ணை பிரெஞ்சு வகுப்புக்குப் போனார். பிறகு வந்த பிள்ளைகளும் அப்படியே. ஒரு கடிதத்தில் இருந்த கன்டோன் பெயர் ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்கே மொழியைப் பிரித்துக் கொடுத்துவிட்டது.

பயணம் ஒன்று: பேர்ணிலிருந்து லவுசான்

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும் எடுக்கும் ரயில். ஒரு பெரிய மலைகூடக் குறுக்கே வராது. வெளிக்கிட்ட நேரம் தொடக்கம் முழுக்க மேட்டுநிலம்தான். அதே புல்வெளி, அதே மாடு, அதே ஓட்டுக்கூரை. ஆனால் ஃப்ரிபூர்க்குக்குக் கொஞ்சம் முன்னால் ரயில் ஒரு பெரிய பாலத்தில் ஏறும். கீழே போவது சானெ ஆறு. பிரெஞ்சில் சரீன் என்பார்கள். மொழி எல்லை என்று சனம் கைகாட்டுவது இந்த ஆற்றைத்தான். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் பிரெஞ்சு முன்னுக்கு வந்து ஜெர்மன் பின்னுக்குப் போய்விடும்.

இந்த எல்லைக்கு 'ரோஸ்டி பள்ளம்' என்று பகிடிப் பெயர். ரோஸ்டி என்பது உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கிற ஜெர்மன் பக்கத்துச் சாப்பாடு. பெயர் பகிடியாக இருந்தாலும் தேர்தல் நாளில் பகிடி இல்லை. ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் சேர்வதா என்று 1992 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பிரெஞ்சுப் பக்கம் பெரும்பான்மையாக ஆம் என்றது. ஜெர்மன் பக்கத்தில் மிகப் பெரும்பாலான கன்டோன்கள் இல்லை என்றன. மயிரிழையில் தோற்றது. நிலத்தில் ஒரு மேடு பள்ளம் இல்லாத இடத்தில் அவ்வளவு ஆழமான கோடு.

கன்டோன் கோடாவது இந்த ஆற்றோடு போகிறதா என்றால் அதுவும் இல்லை. ஃப்ரிபூர்க் கன்டோன் மொழி எல்லையின் இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பேர்ண், வாலிஸ் கன்டோன்களும் அப்படி இரு மொழிக் கன்டோன்கள்தான்.

பயணத்தின் முடிவில் ஒரு சுரங்கம் வரும். அதைவிட்டு வெளியே வந்ததும் ஜெனீவா ஏரி முழுவதும் சட்டென்று கண்முன்னே விரியும். கீழே லவோ திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக இறங்கும். 2007 இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். இதைக் கண்ட ஜெர்மன் பக்கத்துக்காரர் திரும்பிப் போகிற ரிக்கெற்றை யன்னலால் எறிந்துவிடுவார்கள் என்று ஒரு பழைய கதை உண்டு. ஏரியைப் பார்க்க வேண்டுமானால் இடப்பக்க யன்னலில் இருங்கள்.

இந்த ரயிலில் நாங்கள் எத்தனை தரம் போய்வந்திருப்போம் என்று கணக்கில்லை. அண்ணையின் மகனும் என் மகளும் ஒரே வயது. அவனுக்கு ஜெர்மன் சரிவராது, இவளுக்குப் பள்ளிக்கூடப் பிரெஞ்சு பாதியில் தடக்கும். அதனால் சின்ன வயதில் இரண்டு பேரும் சண்டை பிடிப்பதும் தமிழில்தான், சமாதானம் ஆவதும் தமிழில்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் புகட்டியதைவிட அந்த மொழி எல்லை அவர்களுக்கு அதிகம் தமிழ் படிப்பித்தது என்றுதான் சொல்வேன். ஒரே கன்டோனில் வளர்ந்த மச்சான் மச்சாள்மார் தங்களுக்குள் சுவிஸ் ஜெர்மனில் கதைப்பதைப் பார்த்துத்தான் இது எனக்கு விளங்கியது.

பயணம் இரண்டு: பேர்ணிலிருந்து வாலிஸ்

இது மலையைத் துளைத்துப் போகிற பயணம். 2007 இல் திறந்த 34.6 கிலோமீற்றர் லொற்ச்பேர்க் அடிச்சுரங்கத்தால் போனால் ஒரு மணித்தியாலத்துக்குள் விஸ்ப் நகரம். ஆனால் நேரம் இருந்தால் 1913 இல் திறந்த பழைய மலைப்பாதையில் கண்டர்ஸ்ரெக் வழியாகப் போங்கள். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ரயில் மலைச்சரிவிலேயே ஊர்ந்து இறங்கும்போது றோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு கீழே தெரியும்.

முதல் பயணத்துக்கு நேர்மாறு இது. இங்கே நிலம் முற்றாக மாறுகிறது. இரண்டு பக்கமும் நாலாயிரம் மீற்றர் மலைகள் மழை மேகத்தை மறிப்பதால் சுவிஸில் மிக வறண்ட இடங்கள் இங்கேதான். மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவர நூற்றாண்டுகளுக்கு முன்னே பாறையைக் குடைந்து வெட்டிய வாய்க்கால்கள் இன்றும் ஓடுகின்றன. எங்கட ஊரில் துலா மிதித்த ஆட்களுக்கு அந்த வாய்க்கால் ஓரம் நடந்தால் மனம் நிறையும்.

நிலம் இப்படி மாறினாலும் மொழி மாறவில்லை. மலைக்கு இந்தப் பக்கமும் ஜெர்மன், அந்தப் பக்கமும் ஜெர்மன். ஆனால் வாலிஸ்காரரின் ஜெர்மன் சூரிச்காரருக்கே முழுதாக விளங்காது. மாறியது மதமும் கன்டோனும். பேர்ண் புரட்டஸ்தாந்து, வாலிஸ் கத்தோலிக்கம். ஆண்டவரின் திருவுடல் திருநாள் வாலிஸில் லீவு, பேர்ணில் வேலை நாள். அதே பள்ளத்தாக்கில் மேற்கே போனால் சியேர் நகருக்குக் கிட்ட ராஸ்பில் என்ற சின்ன ஓடை வரும். அதைத் தாண்டினால் பிரெஞ்சு. அவ்வளவு பெரிய மலை பிரிக்காத மொழியை ஒரு ஓடை பிரிக்கிறது.

பயணம் மூன்று: கொட்ஹார்ட்

இங்கேதான் மூன்று கோடுகளும் கிட்டத்தட்டப் பொருந்துகின்றன. வடக்கே ஊரி கன்டோன், ஜெர்மன். தெற்கே திச்சினோ கன்டோன், இத்தாலியன். நடுவில் கொட்ஹார்ட் மலை. 2016 இல் திறந்த 57 கிலோமீற்றர் அடிச்சுரங்கத்தால் போனால் ஒன்றும் தெரியாது, இருட்டு மட்டும்தான். பிள்ளைகளோடு என்றால் 1882 இல் திறந்த பழைய பாதையில் போங்கள். ரயில் மலைக்குள் சுருள் சுருளாக ஏறுவதால் வாசன் கிராமத்துக் கோவிலை மூன்று தரம் மூன்று உயரத்திலிருந்து காணலாம். முதலில் மேலே, பிறகு நேரே, கடைசியில் கீழே. சுரங்கம் தாண்டினால் கருங்கல் வீடு, மஸ்கொட்டை மாதிரிக் கஸ்தான் மரம், ஏரிக்கரையில் பனை இனத்து மரங்கள். வடக்கே மழை பெய்கிற நாளில் தெற்கே வெயில் அடிப்பது சாதாரணம்.

இங்கேகூடக் கிட்டத்தட்ட என்றுதான் சொல்ல முடியும். மிசொக்ஸ், புஷ்லாவ் போன்ற இத்தாலியன் பேசும் பள்ளத்தாக்குகள் திச்சினோவில் இல்லை. ஜெர்மன், ரொமான்ஸ், இத்தாலியன் என்று மூன்று மொழி பேசும் ஒரே கன்டோனான கிராபுண்டனில் இருக்கின்றன.

கேட்டுப் போட்ட கோடு

நிலம் போட்ட கோட்டை யாரும் மாற்ற முடியாது. சட்டம் போட்ட கோட்டை மாற்றலாமா? யூராவுக்குப் போனால் பதில் கிடைக்கும்.

1815 இல் வியன்னா மாநாட்டில் ஐரோப்பிய வல்லரசுகள் பிரெஞ்சு பேசும் யூரா நிலத்தைத் தூக்கி ஜெர்மன் பேசும் பேர்ணிடம் கொடுத்தன. அங்கிருந்த சனத்தை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குறை 150 வருசத்துக்கு மேல் புகைந்தது. தீவைப்புகளும் குண்டுவெடிப்புகளும்கூட நடந்தன. கடைசியில் 1974 இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். தொடர்ந்து மாவட்டம் மாவட்டமாகவும், எல்லை ஓரத்தில் ஊர் ஊராகவும் கேட்டார்கள். வடக்கு மாவட்டங்கள் பிரிந்து 1979 ஜனவரி 1 இல் யூரா என்ற புதுக் கன்டோன் ஆயின. அவையும் பிரெஞ்சு பேசினாலும், தெற்கு மாவட்டங்கள் பேர்ணோடு நின்றன. துண்டாடப்பட்டுத் தனியே கிடந்த லௌஃபன் பள்ளத்தாக்கு 1994 இல் பாசல்-லாண்ட் கன்டோனோடு சேர்ந்தது.

தெற்கில் இருந்த மூத்தியே என்ற சின்ன நகரம் மட்டும் பாதிக்குப் பாதியாகப் பிளந்து நின்றது. 2017 இல் பிரிவதற்கு வாக்களித்தது. முறைகேடு என்று அந்த முடிவு ரத்தானது. 2021 மார்ச்சில் மத்திய அரசின் பார்வையாளர்களை வைத்துத் திரும்பவும் கேட்டார்கள். ஏறக்குறைய 55 வீதம் பேர் யூராவுக்குப் போவோம் என்றார்கள். 2024 இல் இரண்டு கன்டோன்களின் சனமும் வாக்களித்து ஒப்புக்கொண்டது. 2026 ஜனவரி 1 இல் மூத்தியே யூராவுக்குப் போய்விட்டது. ஒரு வீடும் நகரவில்லை, ஒரு குடும்பமும் இடம்பெயரவில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு இருப்பவர்களுக்கு இதில் இன்னொன்றும் உண்டு. யூரா கன்டோனில் நீண்டகாலம் வாழ்கிற வெளிநாட்டவர்களுக்குக் கன்டோன் விடயங்களில் வாக்குரிமை இருக்கிறது. பேர்ணில் இல்லை.

இதைப் படிக்கிற எங்கட ஆட்களுக்கு நினைவு எங்கே போகும் என்று தெரியும். 1987 ஒப்பந்தத்துக்குப் பிறகு வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தார்கள். கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு வைப்பதாகச் சொன்னார்கள். அது தள்ளிப் தள்ளிப் போய் ஒருநாளும் நடக்கவில்லை. 2006 இல் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது. 2007 ஜனவரி 1 இல் இரண்டு மாகாணமும் பிரிந்தன. சேர்த்தபோதும் கேட்கவில்லை, பிரித்தபோதும் கேட்கவில்லை. அங்கே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விடயம். கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் மூத்தியேயின் தெருக்களில் நடக்கும்போது எனக்குத் தோன்றியது. எட்டாயிரம் பேருக்கும் குறைவான ஒரு நகரத்தை இந்த நாடு திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது.

கடவுச்சீட்டில் இருக்கிற ஊர்

கன்டோன் கோடு வரைபடத்தில் மட்டும் இருக்கிற கோடு இல்லை என்பதைச் சுவிஸ் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்த எல்லாருக்கும் தெரியும். இங்கே ஒருவர் மத்திய அரசுக்கு மட்டும் பிரசை ஆக முடியாது. முதலில் கெமைண்ட ஏற்க வேண்டும், பிறகு கன்டோன், பிறகு நாடு. 2018 இல் வந்த சட்டப்படி நாட்டில் 10 வருசம் இருந்திருக்க வேண்டும். அதோடு கன்டோனிலும் 2 முதல் 5 வருசம் வரை அந்தந்தக் கன்டோன் சொல்கிற காலம் இருந்திருக்க வேண்டும். நடுவில் கன்டோன் மாறினால் அந்தக் கணக்கு முதலிலிருந்து. முன்பு சில கெமைண்டகளில் ஊர்ச்சனமே வாக்குப்பெட்டியில் வாக்குப் போட்டு, இவருக்குக் கொடுக்கலாம், இவருக்கு வேண்டாம் என்று முடிவு செய்தது. 2003 இல் எம்மன் என்ற ஊர் வழக்கில் சமஷ்டி உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னது.

எங்கட விண்ணப்பம் நடந்துகொண்டிருந்த காலத்தில் எனக்குச் சோலொதூர்ன் கன்டோனில் நல்ல வேலை கிடைத்தது. வீடு மாறியிருந்தால் பிள்ளைகளின் கணக்கும் சேர்ந்து போயிருக்கும். மனைவி ஒரே வார்த்தையில் சொன்னா: "நீங்கள் ரயிலில போங்கோ, நாங்கள் இஞ்சயே இருக்கிறம்." நாலு வருசம் விடிய நாலரைக்கு எழும்பி, கன்டோன் எல்லையைக் கடந்து வேலைக்குப் போய், பின்னேரம் திரும்பக் கடந்து வந்தேன். இப்படி ஒரு கோட்டுக்காக ரயிலில் வயது போன எங்கட ஆட்கள் எத்தனையோ பேர்.

கடவுச்சீட்டு வந்தபோது பிறந்த இடம் என்ற வரியைத் தேடினேன். அப்படி ஒன்று அதில் இல்லை. சுவிஸ் கடவுச்சீட்டில் எழுதுவது 'ஹைமாட்ஓர்ட்'. பிரசாவுரிமை தந்த ஊர், பக்கத்தில் கன்டோனின் எழுத்து. புங்குடுதீவில் பிறந்த எனக்குப் பேர்ண் கன்டோனில் ஒரு சின்ன ஊர் சொந்த ஊர் என்று எழுதியிருந்தது. இந்தச் சொந்த ஊர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கிப் போகும். அவர்கள் அந்த ஊரில் ஒருநாளும் வாழாவிட்டாலும் போகும். தாத்தாவின் தாத்தா ஊரைக் கடவுச்சீட்டில் வைத்துக்கொண்டு, ஒருமுறைகூட அங்கே போகாத சுவிஸ்காரர்கள் என் வேலையிடத்திலேயே இருக்கிறார்கள்.

இது எங்களுக்குப் புதிசா? ரொறன்ரோவில் பிறந்த பிள்ளையும் "நாங்கள் புங்குடுதீவு" என்றுதானே சொல்கிறது. என் மகளுக்கு இப்ப இரண்டு சொந்த ஊர். ஒன்று கடலால் எல்லை போட்டது, மற்றது கெமைண்ட போட்டது. போன வருசம் அவள் சூரிச் கன்டோனுக்கு வீடு மாறினாள். எந்தக் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஊர்ச்சபையில் பெயரைப் பதிந்தாள், பிறகு அந்தக் கன்டோன் தேர்தல் கடித உறை தபாலில் வந்தது. திறந்து படித்துவிட்டு லவுசானில் இருக்கிற மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பினாளாம். அவன் பதில் எழுதினது தமிழில், ஆங்கில எழுத்தில்.